இரண்டு குடம் தண்ணீர்... ஒரு குட்டித் தோட்டம்!



'வசந்த காலம்' என்று சொன்னதும் உங்கள் மனதில் என்ன படம் தோன்றுகிறது? பனி உருகி ஓடும். பச்சைப் புல் எட்டிப் பார்க்கும். கம்பளிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளைகள் வெளியே ஓடி வருவார்கள். கதைப் புத்தகங்களில் இப்படித்தானே பார்த்திருக்கிறீர்கள்? அது குளிர் நாட்டு வசந்தம்!

நம் ஊர் வசந்தம் வேறு மாதிரி. நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தார்கள். அதில் சித்திரையும் வைகாசியும் 'இளவேனில்'. பெயரிலேயே வேனில் இருக்கிறது பாருங்கள்! மாசியில் வேப்ப மரம் பழுத்த இலைகளைக் கொட்டிவிட்டுக் கொழுந்து விடும். பங்குனியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் தெருவெல்லாம் மணக்கும். மல்லிகைப் பூ மலிவாகும். மாமரத்தில் வடு தொங்கும். கூடவே வெயிலும் ஏறும். கிணறும் போர்வெல்லும் இறங்கும்!

மதுரை, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து போய்விடும். அதன் பிறகு பல மாதங்களுக்கு, எப்போதாவது ஒரு கோடை மழை பெய்தால் உண்டு.

"டீச்சர், குடிக்கவே தண்ணீர் லாரியில் வருகிறது. இதில் தோட்டமா?" என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். இதே கேள்வியை என் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. புறநகரில் வீட்டுக்கு முன்னாலோ பின்னாலோ பத்தடிக்குப் பன்னிரண்டு அடி இடம் இருந்தால் போதும். சிமெண்ட் போட்டு மூடாமல் விட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்!

முதலில் தண்ணீரை அளப்போம்

தோட்டம் போடுகிறவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? டேப் எடுத்து இடத்தை அளப்பார்கள். வறண்ட ஊரில் அது இரண்டாவது வேலை. முதல் வேலை, தண்ணீரை அளப்பது.

ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள், உங்கள் வீட்டில் வீணாக வெளியே போகும் நல்ல தண்ணீர் எவ்வளவு என்று கணக்கு எழுதுங்கள். அரிசி களைந்த கழுநீர், காய்கறி, கீரை அலசிய தண்ணீர், பள்ளிக்குக் கொண்டுபோய் மிச்சம் கொண்டுவந்த பாட்டில் தண்ணீர், ஏ.சி. இருக்கும் வீடென்றால் அதன் குழாயில் சொட்டும் தண்ணீர்... எல்லாவற்றையும் ஒரு வாளியில் சேர்த்து அளந்து பாருங்கள்.

எதைச் சேர்க்கக் கூடாது என்பதும் முக்கியம். சோப்பு, பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் கீரைக்கும் காய்க்கும் ஆகாது. குளித்த தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரில் உப்பு மிகுதி. அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போர்வெல் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் படிகிறதா? அதுவும் உப்புதான். அப்படிப்பட்ட தண்ணீரை மட்டுமே நாள்தோறும் ஊற்றினால், உப்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போய்ச் செடியின் இலை ஓரம் கருகும்.

ஒரு வீட்டில் இப்படி நாளுக்கு 30 லிட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர். அதாவது, இரண்டு குடம்!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது சரியாக ஒரு லிட்டர். கோடை வெயிலில், செடி நிறைந்த ஒரு பாத்தி ஒரு நாளில் சுமார் 5 மில்லிமீட்டர் தண்ணீரை இழக்கும். கொஞ்சம் மண்ணிலிருந்து ஆவியாகும்; மீதி, வேர் வழியாக ஏறி இலையின் நுண்துளைகள் வழியாக வெளியே போகும்.

நாலடிக்கு நாலடி பாத்தி என்றால் 16 சதுர அடி. கிட்டத்தட்ட ஒன்றரைச் சதுர மீட்டர். அதற்கு நாளுக்கு ஏழரை லிட்டர் வேண்டும். அரைக் குடம்! அப்படியானால் இரண்டு குடம் தண்ணீருக்கு எத்தனை பாத்தி? நான்கு! ஆனால் நாம் மூன்று பாத்திதான் போடப் போகிறோம். மீதி அரைக் குடம் முருங்கை, கறிவேப்பிலை, மல்லிகைக்கு.

உங்கள் வீட்டில் ஒரு குடம்தான் கிடைக்கிறதா? ஒரே பாத்தி போடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐந்து பாத்தி போட்டுக் காயவிடுவதைவிட, ஒரு பாத்தி போட்டுக் காய் பறிப்பது மேல். இடத்துக்கு ஏற்ற தோட்டம் அல்ல. தண்ணீருக்கு ஏற்ற தோட்டம்!

முற்றத்து மண் என்ன சொல்கிறது?

புறநகர் வீட்டு மண் வயல் மண்போல் இருக்காது. வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டு, ஜல்லி, காய்ந்த சிமெண்ட் கட்டி, ஆணி, கண்ணாடித் துண்டு எல்லாம் அதில் புதைந்து கிடக்கும். ஆகவே கொத்துகிற வேலையை அப்பாவோ மாமாவோ செய்யட்டும். நீங்கள் செருப்புப் போட்டுக்கொண்டு, கல்லைப் பொறுக்கிக் கூடையில் போடுங்கள். கல்லைப் புரட்டும்போது கையை விடாதீர்கள், குச்சியால் புரட்டுங்கள். வெயில் காலத்தில் அடியில் தேள் ஒதுங்கியிருக்கும்.

மண் என்ன வகை என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை. கண்ணாடி பாட்டில் ஒன்றில் கால் பங்கு மண் போட்டு, முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி, ஜன்னல் ஓரத்தில் வைத்துவிடுங்கள். முதல் நிமிடத்திலேயே அடியில் படிவது மணல். பிறகு அதன்மேல் படிவது வண்டல். ஒரு நாள் ஆனாலும் கலங்கலாகவே நின்று, கடைசியாகப் படிவது களி. மணல் மிகுந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். களி மிகுந்தால், கரிசல் காட்டில் பார்த்திருப்பீர்களே, காய்ந்ததும் கால் நுழையும் அளவுக்கு வெடித்துவிடும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. மக்கிய சாணி எரு அல்லது இலை எரு! மணலில் அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். களியில் அது காற்றுப் புக இடம் செய்யும். ஒரு பாத்திக்கு இரண்டு கூடை எருவைக் கொட்டி, ஒரு முழ ஆழத்துக்குக் கலந்துவிடுங்கள். தெருவில் குவித்து எரிக்கிறார்களே வேப்பஞ்சருகு, அதை ஒரு சாக்கில் அள்ளி வந்து வைத்துக்கொள்ளுங்கள். அது நமக்கு வேண்டும். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

மேடு வேண்டாம், பள்ளம் வேண்டும்!

மழை கொட்டுகிற ஊரில் பாத்தியை மேடாக்குவார்கள்; தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காக. நமக்கோ தண்ணீர் நிற்க வேண்டும். அதனால் பாத்தியைத் தரையைவிட நாலு விரற்கடை தாழ்வாகப் பறித்து, எடுத்த மண்ணைச் சுற்றிலும் வரப்பாக அணைத்துவிடுங்கள். ஊற்றுகிற ஒவ்வொரு சொம்பும் வேருக்கே போகும். கோடை மழை பெய்தால் அதுவும் ஓடிப்போகாமல் உள்ளேயே நிற்கும்.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ என்று ஒரு மாநிலம். அங்கே ஜூனி என்னும் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஊரும் வறண்ட ஊர்தான். அவர்கள் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பள்ளம் பறித்து, களிமண் வரப்புக் கட்டி, அதற்குள்தான் பயிர் வைப்பார்கள். மேலே இருந்து பார்த்தால் கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி இருக்கும். அவர்களும் நம் ஊர் விவசாயியும் சந்தித்துப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் வெயில் இருவருக்கும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது!

எதை விதைக்கலாம்?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது பழமொழி. ஆனால் மாசியிலும் விதைக்கலாம். பிப்ரவரி நடுவில் விதைத்தால், வெயில் உச்சிக்கு வருவதற்குள் வேர் ஆழமாக இறங்கிவிடும். முழுப்பரீட்சைக்குப் படிக்க வேண்டுமே என்கிறீர்களா? முதல் நாள் வேலை முடிந்த பிறகு, காலையில் பத்து நிமிடம் போதும்.

முதல் பாத்தி, கீரை. சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை எதுவும் சரி. கீரை விதை கடுகைவிடச் சின்னது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் கொத்தாக விழும். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல் கலந்து தூவுங்கள். எறும்பு இழுத்துப் போகிறதா? பாத்திக்கு வெளியே ஒரு பிடி நொய்யரிசியைத் தூவிவிடுங்கள். எறும்புக்கு நொய், நமக்குக் கீரை! மூன்று, நான்கு வாரத்தில் பறித்துவிடலாம்.

இரண்டாம் பாத்தி, வெண்டையும் கொத்தவரையும். வெண்டை விதையை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊற வைத்து, காலையில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். ஓர் அங்குல ஆழம் போதும். 45 நாள், 50 நாளில் காய் வரும். வெண்டைப் பூவைக் காலையில் பாருங்கள். மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. சாயங்காலம் வாடிவிடும். பூத்த ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் முற்றி, பல்லில் நாராகச் சிக்கும்.

கொத்தவரையை வரப்பு ஓரத்தில் ஊன்றுங்கள். வறட்சியைத் தாங்குவதில் அது கெட்டிக்காரச் செடி. அது பயறு இனம். அதன் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும். அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. காய்த்து முடிந்த செடி ஒன்றைப் பிடுங்கி, ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், பாக்டீரியாக்கள் வேலை செய்கின்றன என்று பொருள்!

மூன்றாம் பாத்தி, வெள்ளரி. இதற்கு ஒரு மண்பானை தேவை. ஏன் என்று அடுத்துப் பார்ப்போம்.

மேற்குப் பக்கம் ஒரு முருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கிய பி.கே.எம்.1 என்னும் செடிமுருங்கையை விதை போட்டே வளர்க்கலாம். ஒரே ஆண்டுக்குள் காய்க்கத் தொடங்கிவிடும். அதன் இலை நிழல் அடர்த்தி இல்லாத நிழல். கீழே இருக்கும் செடிக்குப் பிற்பகல் வெயிலைப் பாதியாகக் குறைக்கும். ஆனால் முருங்கைக் கிளை சட்டென்று முறியும். மின்கம்பிக்கு அடியில் நட வேண்டாம். தம்பிகள் யாரும் அதில் ஏறவும் வேண்டாம்! பாத்திரம் அலசும் இடத்தருகே ஒரு கறிவேப்பிலை. வாசல் பக்கம் ஒரு குண்டுமல்லி. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த மல்லிதான். மார்கழியில் கவாத்து செய்துவிட்டால் பங்குனியில் பூத்துக் குலுங்கும்.

பானைக்குள் இருக்கும் பாசனம்

மண்பானையில் வைத்த தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகத் தண்ணீர் கசிந்து, ஆவியாகிறது. அப்படி ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. இது அறிவியல் பாடத்தில் படித்ததுதானே?

அதே பானையைப் பாத்தி நடுவில் கழுத்துவரை புதைத்துவிட்டால்? தண்ணீர் காற்றுக்குள் கசியாமல் மண்ணுக்குள் கசியும். மண் காய்ந்திருந்தால் வேகமாகக் கசியும். ஈரமாக இருந்தால் மெதுவாகக் கசியும். பானையே அளந்து ஊற்றுகிறது! சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே சீனாவில் ஃபான் ஷெங்ஜி என்பவர் எழுதிய வேளாண் நூலில், இப்படிப் பானை புதைத்து அதைச் சுற்றிப் பழவெள்ளரி இனப் பயிர் வளர்ப்பது பற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது.

பெயிண்ட் அடிக்காத, ஐந்து லிட்டர் பிடிக்கும் பானையாக வாங்குங்கள். ஓட்டை போட வேண்டாம். சுற்றிலும் ஒரு சாண் தள்ளி ஆறு வெள்ளரி விதை ஊன்றுங்கள். முளைத்து நாலு இலை விடும்வரை மேலேயும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். பிறகு வேர் தானாகப் பானையைத் தேடி வந்து கட்டிப்பிடித்துக்கொள்ளும். ஆறும் முளைத்தால், வலுவான மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முக்கியம்: பானையின் வாயைத் தட்டு வைத்து இறுக மூட வேண்டும். திறந்து வைத்தால் டெங்கு கொசு முட்டையிடும். செடி வளர்க்கப் போய்க் கொசு வளர்க்கக் கூடாது, இல்லையா?

சொட்டு நீர்ப் பாசனம் வந்த கதையும் இதே மாதிரிதான். சிம்கா பிளாஸ் என்னும் இஸ்ரேல் நாட்டுப் பொறியாளர், 1930களில் ஒரு மரத்தைப் பார்த்தார். பக்கத்து மரங்களைவிட அது மட்டும் ஓங்கி வளர்ந்திருந்தது. யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றவில்லை. தோண்டிப் பார்த்தால், அடியில் ஒரு குழாய் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது! அந்தச் சொட்டை அவர் மறக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 1960களில் அதைப் பெரிய பாசன முறையாகவே ஆக்கிக் காட்டினார்.

மண்ணுக்கு ஒரு போர்வை

வேப்பஞ்சருகைச் சாக்கில் அள்ளி வைக்கச் சொன்னேனே, அதற்கு இப்போது வேலை வந்துவிட்டது. செடி ஒரு சாண் உயரம் வந்ததும், மண் தெரியாதபடி சருகைப் பரப்பிவிடுங்கள். இரண்டு விரற்கடை கனம் வேண்டும். இதற்கு 'மூடாக்கு' என்று பெயர். வெயில் மண்ணைத் தொடாது. களையும் குறையும். மக்கினால் எருவும் ஆகும்.

செய்து பாருங்கள்: வெறும் தரையில் ஓரடிக்கு ஓரடி அளவில் இரண்டு கட்டம் போடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு, இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றைச் சருகால் மூடுங்கள். மற்றதைத் திறந்தே விடுங்கள். மறுநாள் மாலை இரண்டிலும் விரலை விட்டுப் பாருங்கள். எதில் ஈரம் இருக்கிறது? இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. உங்கள் விரல் சொல்லும்!

தண்ணீர் ஊற்ற நல்ல நேரம், சூரியன் ஏறுவதற்கு முன். உச்சி வெயிலில் ஊற்றினால் பாதி ஆவியாகப் போய்விடும். இலைமேல் தெளிக்காதீர்கள், தூரில் ஊற்றுங்கள். இலைக்குத் தாகம் இல்லை, வேருக்குத்தான் தாகம்!

பூச்சியா? கொஞ்சம் பொறுங்கள்!

வெண்டை இலைக்கு அடியில் பச்சையாக, பொடிப்பொடியாக ஏதோ அப்பியிருக்கிறதா? அது அசுவினி. சாற்றை உறிஞ்சும். உடனே கடைக்கு ஓடி விஷ மருந்து வாங்கி வர வேண்டாம். இரண்டு நாள் கவனியுங்கள். சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டு வந்தால், அது நம் கட்சி! அசுவினிதான் அதற்குச் சாப்பாடு. நாம் மருந்து அடித்தால் முதலில் சாகிறது இந்த நண்பனாகத்தான் இருக்கும்.

நண்பனின் பெருமைக்கு ஓர் உண்மைக் கதை. 2008இல் கோவைப் பக்கத்தில் புதிதாக ஒரு மாவுப்பூச்சி வந்து இறங்கியது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று வெள்ளை வெள்ளையாக அப்பித் தோட்டம் தோட்டமாக அழித்தது. உடம்பெல்லாம் மெழுகுப் பூச்சு இருந்ததால் மருந்து சரியாக ஒட்டவில்லை. விஞ்ஞானிகள் யோசித்தார்கள். இந்தப் பூச்சியின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். அங்கே இதைத் தின்னும் எதிரி இருக்குமே! 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குட்டிக் குளவிகளைக் கொண்டுவந்து, வளர்த்து, தோட்டங்களில் விட்டார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். கொஞ்ச காலத்திலேயே மாவுப்பூச்சியின் ஆட்டம் அடங்கிவிட்டது!

உங்கள் தோட்டத்தில் பூச்சி மிகவும் பெருகினால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்ப எண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் பெரியவர்கள் தெளிக்கட்டும். ஆடு, மயில், அணிலுக்கு மருந்து கிடையாது. கதவை மூடி வைப்பதும், பாத்தியைச் சுற்றிப் பழைய வலை கட்டுவதும்தான் வழி. வெளியே ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். பறவைகள் தாகத்துக்காகத்தான் பல நேரம் பிஞ்சைக் கொத்தும். சட்டித் தண்ணீரை நாள்தோறும் மாற்ற மறக்காதீர்கள்.

தண்ணீர் பாதியானால்?

இப்போது கடினமான கேள்விக்கு வருகிறோம். சித்திரை முடியப் போகிறது. லாரி வாரம் ஒருமுறைதான் வருகிறது. அம்மா அரிசியைக்கூட அளந்த தண்ணீரில் களைகிறார். உங்கள் இரண்டு குடம் ஒரு குடமாகிவிட்டது. என்ன செய்வீர்கள்?

எல்லாச் செடிக்கும் பாதிப் பாதி ஊற்றலாம் என்று தோன்றும். பாவம் பார்க்கிற மனசு அப்படித்தான் சொல்லும். ஆனால் அப்படிச் செய்தால் எல்லாமே அரைகுறையாக வாடி, ஒன்றுமே காய்க்காமல் போய்விடும். தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீங்களே யோசியுங்கள். கீரை ஒரு மாதத்துப் பயிர். பறித்தாகிவிட்டது, அந்தப் பாத்தியை இனி விதைக்காமல் மூடாக்குப் போட்டுச் சும்மா விடலாம். வெண்டை, மாசியில் விதைத்தது. ஒரு மாதத்துக்கு மேல் காய்த்துவிட்டது. இனி அதிகம் காய்க்காது. வெள்ளரியும் அப்படித்தான். ஆனால் முருங்கைக் கன்று இப்போதுதான் இடுப்பளவு வந்திருக்கிறது. இந்தக் கோடையைத் தாண்டிவிட்டால் பல வருடம் கீரையும் காயும் தரும். கறிவேப்பிலையும் மல்லிகையும் அதே மாதிரி. ஆகவே, அரைக் குடம் இந்த மூன்றுக்கும். மீதி அரைக் குடம் எது இன்னும் காய்க்கிறதோ அந்த ஒரு பாத்திக்கு.

விடுகிற செடியைப் பிடுங்கி வீச வேண்டாம். தரையோடு வெட்டி, அந்த இடத்திலேயே மூடாக்காகப் போட்டுவிடுங்கள். கொத்தவரை வேர் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும். அது சேர்த்து வைத்த சத்து அடுத்த பயிருக்கு உதவும். அது வீணாகவில்லை, மண்ணுக்குத் திரும்பியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குடிக்க, சமைக்க வைத்திருக்கும் தண்ணீரில் கை வைத்துச் செடிக்கு ஊற்றக் கூடாது. அண்டை வீட்டில் ஒரு பாட்டி குடத்தோடு நிற்கும்போது, நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் தோட்டத்தில் ஓடக் கூடாது. தோட்டம் என்பது மிச்சத்தில் வளர வேண்டியது. அதுதான் வறண்ட ஊர்த் தோட்டத்தின் முதல் சட்டம்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது...

மே மாதம் பாட்டி வீட்டுக்குப் போவீர்கள். செடி என்ன செய்யும்? பானைப் பாத்திக்குப் பானையை நிரப்பி மூடிவிட்டால் சில நாள் தாங்கும். மற்ற செடிகளுக்கு, ஒரு வாளித் தண்ணீரை மூடி போட்டுச் செங்கல்மேல் உயரமாக வைத்து, மூடியில் துளையிட்டுப் பழைய பருத்தித் துணித் திரியின் ஒரு முனையை வாளிக்குள்ளும் மறுமுனையைச் செடித் தூரில் மண்ணுக்குள்ளும் விடுங்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் திரியில் தண்ணீர் ஏறி, மண்ணுக்கு இறங்கும். பழைய வேட்டியைக் கழி நட்டு மேற்கு வெயிலுக்கு மறைப்பாகக் கட்டிவிட்டுப் போங்கள். ஒரு வாரத்துக்குமேல் போவதானால், அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போங்கள். காய்க்கிற வெண்டைக்காய் அவர்களுக்கு!

வானத்திலிருந்து வரும் குடங்கள்

திடீரென்று ஒரு நாள் மாலை கறுத்து, இடி இடித்துக் கோடை மழை கொட்டும். அப்போது ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் மொட்டை மாடி 600 சதுர அடி என்றால், சுமார் 56 சதுர மீட்டர். 2 சென்டிமீட்டர், அதாவது 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 56ஐ 20ஆல் பெருக்குங்கள். 1,120 லிட்டர்! 70 குடத்துக்கும் மேல்! அரை மணி நேரத்தில் வந்து சாக்கடையில் கலந்து போகிறது.

தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும் என்று 2003இல் சட்டமே வந்தது. உங்கள் வீட்டில் அந்தக் குழாய் இருக்கிறதா? அது எங்கே போகிறது? அடைத்திருக்கிறதா? இன்று மாலையே அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். முற்றம் முழுவதும் சிமெண்ட் போடலாம் என்று வீட்டில் பேசினால், "நாலடிக்கு நாலடியாவது எனக்கு விட்டுவிடுங்கள்" என்று கேளுங்கள். மண் தெரிகிற இடத்தில்தான் மழை உள்ளே இறங்கும்.

கடைசியாக ஒரு வேலை. வெண்டைச் செடி ஒன்றில், நன்றாகக் காய்த்த செடியாகப் பார்த்து, இரண்டு காயைப் பறிக்காமல் விடுங்கள். முற்றி, காய்ந்து, நரம்பு வெடிக்கும் நேரத்தில் எடுத்து, விதையை உதிர்த்து, சாம்பலில் புரட்டி, காகிதத்தில் மடித்து, மேலே பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். நாட்டு ரகமாக இருந்தால், அடுத்த முறை நீங்கள் விதை வாங்க வேண்டியதில்லை. அந்தக் கோடையைத் தாங்கிய செடியின் விதை அது. உங்கள் முற்றத்து மண்ணும் உங்கள் வீட்டுக் கழுநீரும் அதற்குப் பழக்கம்.

சரி குழந்தைகளே, நோட்டு எங்கே? முதல் பக்கத்தில் இன்றைய தேதியைப் போடுங்கள். அதற்குக் கீழே, 'காலையில் அரிசி களைந்த தண்ணீர், இத்தனை லிட்டர்' என்று எழுதுங்கள். உங்கள் தோட்டம் அங்கேதான் தொடங்குகிறது!